கூந்தன்குளம் ராம்சார் தலம்: குளத்து வண்டல் எடுக்க யாரிடம் மனு கொடுக்கணும்?

நாங்குநேரி விவசாயி: அண்ணாச்சிமாரே, பறவை எச்சம் கலந்த கூந்தன்குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம். ராம்சார் பட்டியல்ல (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்தபிறகு அள்ளக்கூடாதுங்காங்க. தாசில்தார் அனுமதி போதுமா?

கரைக்காரன்: போதாது. மற்ற குளத்துக்குத்தான் அந்த வழி. ஆனா தடுக்கிறது ராம்சார் இல்ல. 1971 ராம்சார் உடன்படிக்கையில தண்டனைப் பிரிவே கிடையாது; தலத்தின் இயல்பு மாறினா நாடு அறிக்கை கொடுக்கணும், அவ்வளவுதான். 2017 ஈரநில விதிகளும் வனவிலங்குச் சட்டத்துக்குள்ள வர்ற இடங்களுக்குப் பொருந்தாது. இது 1994-லயே பறவைகள் சரணாலயம் ஆயிட்டு. அதனால 1972 வனவிலங்குச் சட்டத்தின் 29-ஆம் பிரிவுதான் பொருந்தும்: வாழிடத்தைக் கலைக்கவோ, தண்ணீர் வரத்தைத் திருப்பவோ தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி வேணும்.

மடையடி: மனுவை மாவட்ட வன அலுவலகத்துல கொடுங்க. சர்வே எண், வரைபடம், எடுக்கிற ஆழம், எத்தனை நாள், எந்த வண்டி எல்லாம் எழுதணும். நீர்வளத் துறைக்கும் ஒரு நகல். விண்ணப்பத்துல "சரணாலய மேம்பாட்டுக்கு" என்று காரணம் தெளிவா இல்லாட்டி திரும்பி வந்துரும். "உரத்துக்கு" என்று மட்டும் எழுதாதீங்க.

கரைக்காரன்: ஆழம்தான் முக்கியம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினா அந்தத் தண்ணி வயலுக்கு வராது. கரையோரம் பள்ளம் விழுந்தா கரை சரியும். சங்குவளை நாரை முழங்கால் தண்ணியில அலகைத் திறந்து வச்சுத் துழாவித்தான் மீன் பிடிக்கும். பொக்லைன் குழியில அதுக்கு இரை இல்ல. குளத்துக்குள்ள நிக்கிற கருவேல மரத்து வேரடியைத் தொடவே கூடாது, அதுலயும் பறவைங்க கூடு கட்டும். குஞ்சு பறந்து, குளம் வத்தினபிறகு மட்டும் கேளுங்க.