மறு: இண்டிபெண்டன்ட் மியூசிக் வென்யூ – ‘இசைமன்று’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ‘இண்டிபெண்டன்ட் மியூசிக் வென்யூ’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை: தனியார் இசைக்கூடம், சுயாதீன இசையரங்கம், இசைவெளி. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன்.

> அரசு நடத்தாதது எல்லாம் தனியார்தானே? ‘தனியார் இசைக்கூடம்’ போதும்.

போதாது. ஊர் ஊராக அரங்குகளை வாங்கிப் போடும் பெருநிறுவனமும் தனியார்தான். நாம் பெயர் தேடும் இடத்தில், யார் மேடையேறுவது என்பதை அங்கேயே இருந்து நடத்துகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். 1973இல் நியூயார்க்கில் ஹில்லி கிறிஸ்டல் தொடங்கிய சிபிஜிபி என்ற இசை கிளப்பில் சொந்தப் பாட்டு வைத்திருக்கும் குழுக்களுக்குத்தான் மேடை. பெயர் பெற்றவர்களா என்று யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவின் பெர்க்கிலியில் 1986இன் கடைசி நாளில் திறந்த 924 கில்மன் என்ற இசைக்கூடம் இன்னும் கறாரானது. தன்னார்வலர்கள் நடத்தும் இடம் அது. பெரிய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தமிட்ட குழுக்களுக்கு அங்கே இடமில்லை என்று விதி வைத்திருந்தார்கள். அந்த மேடையில் வளர்ந்த கிரீன் டே குழுவுக்கும் அதே விதிதான் பொருந்தியது. இதற்குத் ‘தன்னாட்சி’ என்ற சொல்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

‘சுயாதீன’ என்பதில் வேறு சிக்கல். ‘சுயாதீன இசை’ ஏற்கெனவே நன்றாக ஊன்றிவிட்ட தொடர். ‘சுயாதீன இசையரங்கம்’ என்று எழுதினால் சுயாதீன இசைக்கான அரங்கமா, சுயாதீனமான அரங்கமா என்று வாசகர் தடுமாறுவார். இரண்டும் ஒன்றல்ல. பெருநிறுவன அரங்கில் சுயாதீனக் கலைஞர் பாடலாம். தன்னாட்சியுள்ள இடத்தில் ஜாஸோ நாட்டுப்புற இசையோ எதுவும் ஒலிக்கலாம்.

அடுத்து, இடத்துக்கான சொல். அரங்கம் என்றதும் வரிசையாக இருக்கைகளும் தொலைவில் ஒரு மேடையும் மனத்தில் வருகின்றன. இவையோ பெரும்பாலும் சில நூறு பேர் நின்று கேட்கும் இடங்கள். இன்று கேட்க வந்தவர் அடுத்த மாதம் வாசிக்க வருவார், அதற்கடுத்த மாதம் வாசலில் சீட்டு கிழிப்பார். ‘வெளி’ எதையும் குறிக்கும் அளவுக்குப் பரந்துவிட்டது. என் பரிந்துரை: மன்று. முழுத்தொடர் ‘தன்னாட்சி இசைமன்று’. பிறகு வரும் இடங்களில் ‘இசைமன்று’ போதும்.

> மன்றம் என்றால் ரசிகர் மன்றம் நினைவுக்கு வருகிறது.

உண்மைதான், அதனால்தான் ‘மன்றம்’ என்று சொல்லவில்லை. இன்றைய வழக்கில் மன்றம் அமைப்பைக் குறிக்கும் பக்கம் சாய்ந்துவிட்டது. மன்று என்ற வடிவத்தில் இடம் என்ற பொருள் இன்னும் மங்கவில்லை: ஊர் கூடும் பொது இடம், வழக்குப் பேசும் இடம், கூத்து நிகழும் இடம். நகர்மன்றம், நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாவற்றிலும் இருப்பது இந்தச் சொல்தான்.

> பாட்டுக் கேட்கும் இடத்துக்கு நாடாளுமன்றச் சாயல் எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் எழுத விரும்புகிறேன். செக்கோஸ்லோவாக்கியாவில் ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யூனிவர்ஸ்’ என்ற ராக் குழுவின் உரிமத்தை அரசு பறித்தது. பொது மேடை இல்லாமல் அவர்கள் திருமண விழாக்களிலும் ஊருக்கு வெளியே நடந்த தனிக் கூட்டங்களிலும் வாசித்தார்கள். 1976இல் கைது, வழக்கு, சிறை. இசைஞர்களுக்காகக் குரல் கொடுக்க ஒன்றுதிரண்டவர்களிடமிருந்துதான் 1977 ஜனவரியில் ‘சாசனம் 77’ என்ற மனித உரிமை அறிக்கை பிறந்தது. அதன் முதல் பேச்சாளர்களில் ஒருவரான வாட்ஸ்லாவ் ஹாவெல் 1989 டிசம்பரில் குடியரசுத் தலைவரானார். கூடிக் கேட்கும் உரிமையும் கூடிப் பேசும் உரிமையும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதை அந்த அரசு நன்றாகவே உணர்ந்திருந்தது.

அமைதியான காலத்திலும் இது பொருந்தும். கில்மனில் உறுப்பினர் அட்டை வாங்கும்போதே விதிகளை ஏற்க வேண்டும்: இனவெறி கூடாது, பெண்வெறுப்பு கூடாது, ஓரினச் சேர்க்கையாளர் மீது வெறுப்பு கூடாது, வன்முறை கூடாது, மது கூடாது. உறுப்பினர் கூட்டத்தில் பதின்வயதினருக்கும் வாக்கு உண்டு. தேர்தலில் வாக்களிக்கும் வயது வருமுன்பே விதி செய்யவும் விதியோடு முரண்படவும் பழகுகிற இடம் அது. பெர்லினின் எஸ்ஓ36 என்ற இசை கிளப்பில் 1990களிலிருந்து நடக்கும் ‘கேஹானே’ இரவுகளில் துருக்கிய, அரபு இசைக்குப் பால்புதுமையினர் (குயர்) ஆடுகிறார்கள். குடியேறியவர் என்று ஓரிடத்திலும் பால்புதுமையினர் என்று இன்னோரிடத்திலும் ஒதுக்கப்பட்டவர்கள் இரண்டையும் மறைக்காமல் நிற்க அங்கே முடிகிறது.

ஆகவே இத்தகைய இடங்களைப் பற்றி எழுதும்போது வரும் ‘சேஃப் ஸ்பேஸ்’ என்பதை ‘பாதுகாப்பான இடம்’ என்று எழுதினால் தீயணைப்புக் கருவியும் அவசர வழியும்தான் தோன்றும். ‘அச்சமற்ற இடம்’ என்போம். ‘இன்க்ளூசிவ்’ என்பதற்கு ‘உள்ளடக்கிய’ பரவலாகிவிட்டது. ஆனால் அடக்குவது அதில் ஒலிக்கிறது. ‘அனைவருக்குமான’ என்றே எழுதலாம். இதற்குப் புதுச்சொல் தேவையில்லை.

பெயரால் என்ன ஆகிவிடும் என்று கேட்ட நண்பருக்கு: ஜெர்மனியின் கட்டட விதிகளில் இசை கிளப்புகள் நெடுங்காலம் கேளிக்கை விடுதி என்ற பிரிவில், சூதாட்டக் கூடங்களோடு இருந்தன. அந்தப் பெயர் இருந்ததால் நகரின் பல பகுதிகளில் அவற்றுக்கு அனுமதி கிடைப்பதே கடினம். அவற்றைப் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் என்று 2021 மே மாதம் ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்த இடம் நிலைப்பதும் மூடுவதும்.

‘ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச்’ என்ற கட்டட விதி பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். பழைய இசைமன்றின் பக்கத்தில் புதுக் குடியிருப்பு எழுகிறது, குடிவந்தவர்கள் ஒலி பற்றிப் புகார் செய்கிறார்கள், மன்று மூடப்படுகிறது. இதைத் தடுக்க, ஒலித்தடுப்புச் செலவு புதிதாகக் கட்டுகிறவர் மேல் என்று வகுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2014இலும், இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் 2018இலும் இது இடம்பெற்றது. ‘மாற்ற முகவர்’ என்று பெயர்த்தால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘பின்வந்தோர் பொறுப்பு’ என்கிறேன். யார் செலவழிக்க வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

பிரிட்டனில் 2014இல் தொடங்கிய மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பயன்படுத்தும் ‘கிராஸ்ரூட்ஸ்’ என்ற அடைக்கு ‘அடித்தள’ வேண்டாம், நிலவறை என்று படிப்பார்கள். ‘வேர்நிலை இசைமன்று’ எப்படி? வெறும் ‘வென்யூ’ வருமிடத்தில், அது விளையாட்டுக்கானாலும் மாநாட்டுக்கானாலும், ‘நிகழிடம்’ போதும். அங்கே மன்று வேண்டாம்.

மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். குறிப்பாக, ‘மன்று’ உருபு ஏற்கும்போது ‘இசைமன்றில்’, ‘இசைமன்றுக்கு’ என்று வருவது பேச்சில் உறுத்துகிறதா என்று வானொலியில் பணிபுரிவோர் சொன்னால் நல்லது.