கலைச்சொல்: 'எக்சென்ட்ரிக் சைக்கிளிங்' (தசை, நரம்பு உடலியங்கியல்)

சொல்லடைவுக் குழுவினருக்கு வணக்கம்.

'எக்சென்ட்ரிக் சைக்கிளிங்' என்ற மோட்டார் சைக்கிள் கருவிப் பயிற்சிக்குத் தமிழில் இதுவரை 'மையவிலகு மிதிப்பு', 'பின்மிதி', 'எதிர்மறை மிதிப்பு' என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றுமே வேண்டாம் என்பது என் கருத்து. கருவியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

சாதாரணப் பயிற்சி சைக்கிளில் முன்தொடைத் தசை குறுகி முழங்காலை நீட்டுகிறது, பெடல் நம்மைவிட்டு விலகிப் போகிறது. இந்தக் கருவியிலோ மோட்டார் கிராங்கை (பெடல்கள் பொருத்திய சுழல்தண்டை) பின்பக்கமாகச் சுழற்றுகிறது. பெடல் காலை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். உட்கார்ந்திருப்பவர் அதைத் தடுக்க வேண்டும். மோட்டாரின் வலு மிஞ்சுவதால் முழங்கால் மடங்குகிறது. தொடைத்தசை விசை தந்துகொண்டிருக்கும்போதே இழுபட்டு நீள்கிறது. மாடிப்படி இறங்கும்போது உடல் எடையைத் தாங்கும் காலில் நடப்பதும் இதுதான்.

'பின்மிதி' சுழலும் திசையை மட்டுமே சொல்கிறது. மோட்டார் இல்லாத சைக்கிளில் ஒருவர் தானே பின்பக்கமாக மிதித்தால் அவர் தசை குறுகித்தான் வேலை செய்யும். அது வேறு பயிற்சி. 'எதிர்மறை' இயற்பியலில் பிழையில்லை, தசையின் மீது வேலை செய்யப்படுவதால் குறி எதிர்மறைதான். ஆனால் மருத்துவமனையில் அந்தச் சொல்லைக் கேட்பவர் ரத்தப் பரிசோதனை முடிவை நினைப்பார். 'மையவிலகு' இன்னும் மோசம். பட்டறையில் எக்சென்ட்ரிக் என்றால் மையம் தள்ளிப் பொருத்திய வட்டு. பாடநூலில் மையவிலக்கு விசை இருக்கிறது, மையத்தொலைத் தகவு இருக்கிறது. இவற்றுக்கு நடுவே தசை யாருக்கும் நினைவுக்கு வராது.

தசை என்ன செய்கிறதோ அதையே பெயராக வைப்போம்.

——

மறுமொழி

> தசை என்ன செய்கிறதோ அதையே பெயராக வைப்போம்.

முழு உடன்பாடு. 1952இல் லண்டனில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்பக்கமாக மிதிக்க, மற்றவர் தடுத்தார். இருவர் காலிலும் விசை ஒன்று, வேகம் ஒன்று. ஆனாலும் தடுத்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் பல மடங்கு குறைவு. வேகம் கூடக்கூட அந்த வேறுபாடும் கூடியது. அவர்கள் தங்கள் கட்டுரைக்கு வைத்த பெயர் 'எதிர்மறை வேலை' பற்றியதுதான். அடுத்த ஆண்டில் டென்மார்க்கின் எர்லிங் அஸ்முசென் கையாண்ட 'எக்சென்ட்ரிக்' பின்னர் நிலைத்துவிட்டது. 2003இல் ஜான் ஃபாக்னர் என்ற தசை உடலியங்கியலாளர், நீளும்போது, குறுகும்போது என்று நேராகவே சொல்லுங்கள் என வாதிட்டார். ஆங்கிலத்தில் பழக்கம் வென்றது. நமக்கு அந்தப் பழக்கம் இல்லை, நேராகவே தொடங்கலாம்.

தசை விசை தருவதைப் பொதுவாகக் குறிக்கும் 'சுருக்கம்' என்ற சொல்லையும் இங்கே தவிர்க்கச் சொல்வேன். 'நீளும் சுருக்கம்' என்றால் மாணவர் முதல் வரியிலேயே தடுக்கி விழுவார். நீண்டாலும் குறுகினாலும் தசை செய்வது இழுப்பது ஒன்றே. ஆகவே நீளிழுப்பு, குறுகிழுப்பு, நீளம் மாறாமல் விசை தரும்போது நிலையிழுப்பு என மூன்றையும் ஒரே அச்சில் வார்க்கலாம்.

——

மறுமொழி

> நீளிழுப்பு, குறுகிழுப்பு, நிலையிழுப்பு

அமைப்பு அழகாக இருக்கிறது. ஆனால் இழுப்பு என்றால் நம் மக்களுக்கு மூச்சிழுப்பு, இல்லாவிட்டால் வலிப்பு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கும் இதய வலு குறைந்தவர்களுக்கும்தான் இந்தப் பயிற்சி முக்கியமாகப் பயன்படுகிறது. மூச்சு அதிகம் வாங்காமலே தொடைக்கு நல்ல சுமை கிடைக்கும். மூச்சிழுப்போடு வருபவரிடம் 'உங்களுக்கு நீளிழுப்புப் பயிற்சி' என்று சொல்ல முடியாது.

'நீட்சி'யும் உதவாது, ஏற்கெனவே தசையைத் தளர்த்தி நீட்டும் பயிற்சிக்கு அது வழங்குகிறது. நான் முன்வைப்பது வினை: நீள்வினை, குறுகுவினை, நிலைவினை.

வினை என்பதை வலியுறுத்த நரம்புத் தரப்பிலும் காரணம் உண்டு. நீளும் தசை சும்மா இழுபடவில்லை. அதே விசைக்குக் குறுகுவினையைவிடக் குறைந்த தசைமின் சமிக்ஞையே போதும். குறைவான இழைகள் ஒவ்வொன்றும் கூடுதல் சுமை தாங்குகின்றன. பயிற்சி இல்லாதவர் முழு மூச்சாகத் தடுக்க முயன்றாலும் நரம்பு முழு ஆணையை அனுப்புவதில்லை. தண்டுவட மட்டத்தில் ஒரு தணிப்பு இருக்கிறது: தசை நீளும்போது ஹெச் அனிச்சை (நரம்பை மின்னால் தூண்டும்போது தண்டுவடம் வழியாகத் தசையில் எழும் மறுவினை) சிறுத்துவிடும். சில வாரப் பயிற்சியில் விசை ஏறுவதில் ஒரு பங்கு, இந்தத் தணிப்பு தளர்வதால் வருவது.

பயிற்சி முடிந்ததும் விசை குறையும். மிகையாகச் செய்திருந்தால் சில நாள் வரை மீளாது. குறை நரம்பிலா தசையிலா என்று பிரிக்க, ஒருவர் முழு வலுவோடு முழங்காலை நீட்ட முயலும்போதே தொடை நரம்புக்கு மின்தூண்டல் கொடுப்பார்கள். அதற்கு மேலும் விசை துள்ளினால் நரம்பாணை முழுதாக வரவில்லை என்று பொருள். பிறகு ஓய்வில் 20 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் தூண்டுவார்கள். 20இல் விசை அதிகமாகச் சரிந்து, 100இல் ஓரளவு நின்றால், இழைக்குள் கால்சியம் வெளியேறுவதில் கோளாறு. எம் அலை (நரம்பைத் தூண்டியதும் தசையில் நேரடியாகப் பதிவாகும் மின்னலை) மாறாமல் இருந்தால் இழைச் சவ்வு வரை சமிக்ஞை ஒழுங்காக வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இதை ஆங்கிலத்தில் 'குறை அதிர்வெண் களைப்பு' என்கிறார்கள். அதை அப்படியே எடுத்தால் குறைந்த அதிர்வெண்ணால் வந்த களைப்பு என்று படிக்க நேரும். 'குறை அதிர்வெண்ணில் விசைச்சரிவு' என்று வைத்துக்கொள்வோம்.

——

மறுமொழி

> நீள்வினை, குறுகுவினை, நிலைவினை

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நீள்வட்டம், நீள்கூந்தல் போல 'நெடுநேரம் நீளும் வினை' என்று படிக்க இடமிருக்கிறது. முதல் முறை வரும்போது 'தசைநீள் வினை' என்று எழுதி, பிறகு நீள்வினை என்று சுருக்கலாம்.

நோயாளிக்கு இன்னொரு சொல் வேண்டும்: 'தடுப்பு மிதி'. செய்ய வேண்டியதை அதுவே சொல்லிவிடுகிறது. புதிதாக உட்காருபவர் செய்யும் முதல் பிழை, பெடல் விலகிப் போகும்போதும் தள்ளுவது. அப்போது அவர் மோட்டாருக்கு உதவுகிறார். திரையில் சராசரி மட்டும் தெரிவதால் இது கண்ணில் படாது. இரண்டாவது, இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் இறுக்குவது. வரும் பெடலைத் தடு, போகும் பெடலை விடு. இந்த இரண்டு கட்டளை போதும். நிமிடத்துக்கு 15 முதல் 30 சுற்று வேகத்தில் தொடங்கினால் காலுக்கு இந்த மாற்றம் பிடிபடும்.

சுமை விஷயத்தில் பெயர் தவறாக வழிநடத்தக் கூடாது என்பதே என் பெரிய கவலை. 'எளிய மிதி' போன்ற பெயர் ஆபத்தானது. மூச்சும் நாடியும் லேசாக இருப்பதால் ஆள் முதல் நாளிலேயே அதிகம் தடுத்துவிடுவார்; வலி மறுநாள்தான் தொடங்கும், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். ஆகவே முதல் அமர்வு 5 நிமிடம், 'மிக லேசு' என்று அவரே சொல்லும் அளவில். வாரம் 2 அல்லது 3 முறை, சில நிமிடங்களாகக் கூட்டி, மூன்று நான்கு வாரத்தில் 20 நிமிடத்துக்கு வரலாம். முதல் லேசான அமர்வே அடுத்ததில் சேதத்தைக் குறைக்கும்; தசை அந்தப் பாதுகாப்பைப் பல வாரம் வைத்திருக்கும். சிறுநீர் கருத்துப் போனால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இருக்கை அமைப்பையும் சொல்லடைவின் விளக்கக் குறிப்பில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். பெடல் மிகத் தொலைவில் இருக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். விறைத்து நீட்டிய காலை மோட்டார் தள்ளினால் மூட்டு தாங்காது. முதுகுச்சாய்வு அசையாததாக, நிறுத்து பொத்தான் உட்கார்ந்தவரின் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும்.

சொல்லடைவுக்கு இப்படி அனுப்பலாமா: தசைநீள் வினை, தசைகுறுகு வினை, தசைநிலை வினை, நீள்வினை மிதிப்பயிற்சி, வழக்கில் தடுப்பு மிதி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.