தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி: எங்கே செய்தது, என்ன மதிப்பு பெறும்?

கேள்வி

வணக்கம். தாத்தா காலமான பிறகு அவருடைய பழைய துப்பாக்கி எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. இரண்டு குழல்கள் பக்கத்தில் பக்கத்தில், வெளியே தெரியும் இரண்டு ஹாமர்கள், நடுவில் மடக்கித் திறந்து தோட்டா போடும் வகை. பூட்டுத் தகட்டில் ‘ஜே. மேண்டன்’ என்று ஆங்கில எழுத்தில் வெட்டியிருக்கிறது. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் ‘ஃபைன் லேமினேட்டட் ஸ்டீல்’ என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஜோசப் மேண்டன் லண்டனில் மிகப் பெரிய பெயர் என்று வருகிறது. எங்களிடம் இருப்பது அவர் செய்ததுதானா? விற்றால் நல்ல தொகை வருமா? குழலில் மேலாகத் துரு. அண்ணன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறான்.

பதில் 1

முதலில் அண்ணனை நிறுத்தச் சொல்லுங்கள், இன்றே. அந்தத் துருவுக்கு அடியில்தான் துப்பாக்கியின் மதிப்பு இருக்கிறது. அந்தக் காலக் குழல்கள் பலவற்றை இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சூட்டோடு அடித்து ஒட்டிச் செய்தார்கள். அந்த முறுக்கு வரிகள் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிய அமிலம் கொடுத்துப் பழுப்பேற்றுவார்கள். உப்புத்தாள் அந்தப் பழுப்பையும், அதைவிட மோசமாக முத்திரைகளையும் தின்றுவிடும்.

அப்புறம் இன்னொன்று. அதைக் காலி என்று நம்பிக் கையில் எடுக்காதீர்கள். திறந்து, தோட்டா உட்காரும் இரண்டு அறைகளையும் கண்ணால் பாருங்கள். திறக்க வரவில்லை என்றால் பலம் போட வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள். உரிமம் தாத்தா பெயரில் இருந்திருந்தால் அது பேரனுக்குத் தானாக வந்துவிடாது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று காவல்துறையிடம் கேட்டு, அவர்கள் சொல்லும்வரை வெளியே எடுத்துப் போகாதீர்கள். பழையது என்பதால் விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தோட்டா இன்றும் கிடைக்கும் துப்பாக்கி என்றால் பல இடங்களில் அந்த விலக்கு பொருந்தாது.

பதில் 2

பெயரை விடுங்கள், குழலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, அடியில் தட்டையாக இருக்கும் இடத்தில் என்னென்ன முத்திரைகள் இருக்கின்றன? பூட்டுத் தகட்டில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வெட்டலாம். அடியில் இருக்கும் முத்திரையைக் குத்துவது, குழல் வெடிக்காமல் தாங்குமா என்று பார்க்கும் சோதனைச்சாலை, செய்தவர் இல்லை. அதனால்தான் நான் எப்போதும் அதை முதலில் கேட்கிறேன்.

கேள்வி கேட்டவர்

தேய்ப்பதை நிறுத்திவிட்டோம். துப்பாக்கி காலிதான், இரண்டு பேர் பார்த்து உறுதி செய்தோம். காவல் நிலையத்திலும் சொல்லியாகிவிட்டது.

அடியில் கண்டது: முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள், கீழே ஒரு நட்சத்திரம், மேலே கிரீடம். பக்கத்தில் ஒரு தூண் மாதிரி சின்னம். கிரீடம் வைத்த தனி எழுத்து ஒன்று. சாய்சதுரத்துக்குள் 12-உம் சி-யும். 18.4 என்ற எண்.

பதில் 2

சரி, இது பெல்ஜியம். ஈ எல் ஜி நட்சத்திரம் லியேஜ் நகரச் சோதனைச்சாலையின் முத்திரை. தூண் மாதிரி இருப்பது அந்த ஊரின் பெர்ரோன் என்ற கல்தூண். முட்டை வடிவத்துக்கு மேல் கிரீடம் 1893-இல்தான் சேர்ந்தது, ஆகவே அதற்கு முந்தையது இல்லை. 1922 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் குத்தினார்கள். உங்கள் துப்பாக்கியில் அது இல்லை என்றால், இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தனி எழுத்து சோதித்த அதிகாரியுடையது. அதைச் செய்தவரின் முதலெழுத்து என்று நினைத்துப் பலரும் ஏமாறுகிறார்கள்.

18.4 என்பது குழலின் உள் விட்டம், மில்லிமீட்டரில். 12 போர் என்றால் குழல் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டு 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு. கணக்குப்படி 18.5 வரும், பொருந்துகிறது.

பதில் 3

மேண்டன் குடும்பத்தில் வேறு யாராவது பிற்காலத்தில் செய்திருக்கக் கூடாதா? லண்டன் பெயர் இருக்கும்போது உடனே போலி என்று சொல்லிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில் 2

நியாயமான கேள்வி. ஜோசப் மேண்டன் 1835-இல் இறந்தார். அவர் செய்து புகழ்பெற்றவை குழல் வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கிகள். நடுவில் ஊசி அடிக்கும் தோட்டா 1860-களில்தான் பரவியது. ஆக, ஜோசப் இல்லை என்பது உறுதி. வேறு ஒரு மேண்டன் இங்கிலாந்தில் செய்திருந்தால் லண்டன் அல்லது பர்மிங்காம் முத்திரை இருக்க வேண்டும், அது இல்லை. லியேஜ் பட்டறைகளில் ஏராளமாகச் செய்து, வாங்கும் வியாபாரி கேட்ட பெயரை வெட்டிக் கொடுத்து உலகமெங்கும் அனுப்பினார்கள். முத்திரை சொல்வது குழல் எங்கே சோதிக்கப்பட்டது என்பதை மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மதிப்பு பற்றி நேராகச் சொல்கிறேன், வருத்தப்பட வேண்டாம். இந்த வகை நிறையக் கிடைக்கிறது, சேகரிப்பவர்கள் பெரிய தொகை தருவதில்லை. விலையைக் கூட்டுவது, குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் ஒரே எண் இருப்பது, உட்புறத்தில் குழி விழாமல் இருப்பது, கட்டையில் விரிசல் இல்லாமை. குழலை மட்டும் ஒரு கயிற்றில் தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டுங்கள். மணி போல ஓசை வந்தால் நடுப்பட்டையின் பற்று உறுதியாக இருக்கிறது. ‘தொப்’ என்று அடங்கினால் எங்கோ விட்டிருக்கிறது. விலை தேடும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள்.

பதில் 1

சுட்டுப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். சிங்கத்துக்குக் கீழே பி, வி என்ற முத்திரை நீங்கள் சொன்ன பட்டியலில் இல்லை. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்குச் சோதித்ததன் அடையாளம் அது. அதாவது இந்தக் குழல் தேறியது கருமருந்துக்கு மட்டும்தான். அறையும் பழைய 65 மில்லிமீட்டராக இருக்கலாம். அதில் இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் விரியும்போது அதன் வாய் குழலின் ஒடுங்கிய பகுதிக்குள் நெருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கேள்வி கேட்டவர்

தட்டிப் பார்த்தோம், மணி மாதிரியே கேட்டது. மூன்று எண்களும் ஒன்றுதான். முன்கட்டைக்கு அடியில் உப்புத்தாள் படாத இடத்தில் முறுக்கு வரிகள் அழகாகத் தெரிகின்றன. அதைப் பார்த்ததும் அண்ணனே விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உரிம வேலை முடியும்வரை உரிமம் பெற்ற கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைக்கிறோம். எண்ணெய் போட்டு வைக்கலாமா?

பதில் 2

துணியில் தொட்டு மெல்லிசாகக் குழலுக்கு மட்டும். கட்டைக்கு மெழுகு போதும். நிறுத்தி வைக்கும்போது குழல் வாய் கீழே இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் வருடக்கணக்கில் இறங்கி, கட்டை உடலோடு சேரும் இடத்தை ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும்.