டெர்மினேட்டர் 2: வில்லன் காணாமப் போற நடுப்பகுதி ஏன் தொய்யலைங்க?

லேத்துக்காரன் (கோவை) கேட்டது:

வணக்கமுங்க. இங்க ஒரு பிரஸ் ஷாப்புல சூப்பர்வைசர் வேலை. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கதை எழுதற கிறுக்கு வேற. ரெண்டு வருசமா ஒரே கதையைப் புடிச்சுத் தொங்கிட்டிருக்கேன். கம்பெனியில இருந்து தப்பிச்ச ரோபோ ஒண்ணு, அதைச் செஞ்ச இன்ஜினியரோட மகளைத் துரத்துது. ஆழியாறுல ஆரம்பிச்சு வால்பாறை போற 40 கொண்டை ஊசி வளைவும் துரத்தல்தான். எழுதி முடிச்சுத் தங்கச்சிகிட்டக் குடுத்தேன். "பத்தாவது வளைவுலயே தூக்கம் வந்துருச்சுண்ணா"ன்னுட்டா.

சரி, கோளாறு எங்கன்னு பாக்கலாம்னு டெர்மினேட்டர் முதல் ரெண்டு படத்தையும் அக்கு அக்காக் கழட்டினேன். பழைய ஜாப் கார்டு பின்னாடி, காட்சிக்கு ஒரு அட்டை. வீட்டுச் செவுரு பூரா அட்டை, அம்மா திட்டு வேற.

1984ல வந்த முதல் படம் புரியுதுங்க. நேர்கோடு. எதிர்காலத்துல இருந்து ரெண்டு பேர் லாஸ் ஏஞ்சலஸ்ல வந்து எறங்கறாங்க. யாரு கதாநாயகி சாராவைக் கொல்ல வந்த ரோபோ, யாரு காப்பாத்த வந்த மனுசன்னு டான்ஸ் கிளப் காட்சி வரைக்கும் முழுசாச் சொல்றதில்லை. அப்புறம் ஓட்டம், போலீஸ் ஸ்டேஷன், ஓட்டம், லாட்ஜ், ஓட்டம், கடைசியில ஃபேக்டரி. அந்த ஹைட்ராலிக் பிரஸ்ஸுல ரோபோவை நசுக்கறதைப் பார்த்து நான் மட்டும் தியேட்டர்ல "இன்டர்லாக் இல்லாத மெஷினை எவன்டா வெச்சான்"னு கத்தினேன். அது என் தொழில் புத்தி, விடுங்க (இன்டர்லாக்குன்னா ஆபத்து நேரத்துல மெஷினை ஓடவிடாத பாதுகாப்பு ஏற்பாடு).

1991ல வந்த ரெண்டாவதுலதான் சிக்கிட்டேன். இதுல காப்பாத்த வர்ற நல்ல ரோபோ, சாராவோட மகன் ஜானையும் கூட்டிட்டு ஆஸ்பத்திரியில இருந்து சாராவை மீட்டுட்டு வந்ததும், அந்த உருகுற வில்லன் டி-1000 கிட்டத்தட்டக் காணாமப் போயிர்றான். துண்டு துண்டாத் தலை காட்டறதோட சரி. திரும்ப முழுசா வர்றது சைபர்டைன்ங்கற கம்ப்யூட்டர் கம்பெனி கட்டடத்துல. நடுவுல அரை மணிக்கு மேல இருக்கும். பாலைவனத்துல துப்பாக்கி எடுக்கறாங்க, பேசறாங்க, பையன் ரோபோவுக்குப் பேச்சு பழக்கறான். ஆனா தொய்வே இல்லை! எங்கதையில மொத்தம் 62 சீன், ரோபோ 41ல வருது. தொய்வுன்னா அப்படித் தொய்வு. இது என்ன நியாயங்க?

இன்னொண்ணு. நம்மூர் கணக்குக்கு இதுல இடைவேளை எங்க வரும்? ஆஸ்பத்திரி முடிவுல வெச்சா என் நேரக் கணக்கு ஒத்து வரமாட்டேங்குது.

———

பழைய ஆபரேட்டர் (தேனிப் பக்கம்):

தம்பி, இடைவேளை கேள்விக்கு நான் பதில் சொல்றேன். மத்ததுக்குப் படிச்சவங்க வருவாங்க.

எங்க கொட்டகையில இந்தப் படத்தை ஓட்டுனவன் நான். கார்பன் குச்சி போட்டு எரிக்கிற மிசின், ரெண்டு புரொஜெக்டர், மாத்தி மாத்தி ஓட்டணும். 35 எம்.எம். பிலிம் நிமிசத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடி ரீல்னா 22 நிமிசம், அதுவும் முழுசா இருந்தா. இங்கிலீசு படத்துல இடைவேளைன்னு அவன் எங்க எழுதி வச்சான்? நாமளா ஒரு ரீல் முடியிற எடத்துல விளக்கப் போட வேண்டியதுதான். மொத நாள் மூணாவது ரீல் முடிவுல போட்டேன். அது ஆஸ்பத்திரிச் சண்டைக்கு நட்ட நடுவுல போய் விழுந்துச்சு. லிப்டுக்குள்ள எல்லாரும் நிக்கிறாங்க, மேல இருந்து கத்தி மாதிரிக் கை குத்துது, விளக்கு எரியுது. சனம் கத்துன கத்துல முறுக்குத் தட்டு வச்சிருந்த பய மிரண்டு போயிட்டான். சாயங்கால ஆட்டத்துக்கு நானே ரீலுக்குள்ள அடையாளம் வச்சு, கார் தப்பிச்சுப் போய் இருட்டுல அமைதியாகுற எடத்துல நிறுத்துனேன். அன்னிக்கு ஒருத்தனும் கத்தல. ஆனா ஒண்ணு கவனிச்சேன். கத்துன அன்னிக்குத்தான் வெளிய போனவன் எல்லாம் ஓடி வந்து உக்காந்தான். அமைதியா நிறுத்துன அன்னிக்கு சோடாக் கடையில நின்னு பேசிட்டு மெதுவா வந்தாங்க.

எது சரின்னு இன்னும் எனக்குத் தெரியல.

———

கட்டிங் டேபிள் (சென்னை):

லேத்து அண்ணே, உங்க நேரக் கணக்கு இடிக்கக் காரணம் வேற. ஆஸ்பத்திரியில சாரா கனவுல, முதல் படத்துல அவளைக் காப்பாத்த வந்த கைல் ரீஸ் வந்து பேசுறானா? பிறகு ரோபோ மண்டையைத் திறந்து சிப்பைக் கழட்டுற காட்சி இருக்கா? ரெண்டும் இருந்தா நீங்க பார்த்தது 1993ல வந்த நீளப் பதிப்பு. தியேட்டர்ல ஓடினது 137 நிமிஷம். நீளமானது அதைவிடக் கால் மணி கூடுதல். ஐயா ஓட்டினது சின்னது, நீங்க அட்டை போட்டது பெரியது. கணக்கு எப்படி ஒத்து வரும்?

அந்தச் சிப் காட்சி பத்தி எனக்கு ஒரு சண்டை உண்டு. அதுல சாரா சுத்தியலை ஓங்கி சிப்பை உடைக்கப் போறா, ஜான் தடுக்கிறான். பையன் முதல்முறையா அம்மாவை எதிர்த்து நிக்கிறான், தலைவனாகுற முதல் படி. இதை வெட்டினதால தியேட்டர் பதிப்புல அந்த வளர்ச்சிக்கு ஒரு கால் குறையுதுன்னு நான் சொல்வேன். ஆனா எடிட்டரா உக்காந்தா நானும் அதைத்தான் வெட்டியிருப்பேன். ஆஸ்பத்திரி ஓட்டம் முடிஞ்ச உடனே நிதானமா ஒரு ஆபரேஷன்னா வேகம் செத்துரும். வெட்டத் தெரிஞ்சதாலதான் அந்தப் படம் எடிட்டிங்குக்கு ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு.

———

நெய்வேலிக்காரி:

கேள்வியோட முக்கியப் பாதியை யாரும் தொடலை, அதனால நான் வர்றேன். எட்டு வருஷமா வகுப்புல பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் வேலை. அதனால கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கோங்க.

வில்லன் காணாமப் போகலை சார். வில்லன் வேலையை வேறொரு ஆள் எடுத்துக்கிட்டாங்க. சாரா.

பாலைவனத்துல அவ மேசையில தலை சாய்ச்சுத் தூங்குறா. விளையாட்டு மைதானம் அணுகுண்டுல எரியுற கனவு. எழுந்ததும் விதி கிடையாதுன்னு கத்தியால அந்த மேசையில செதுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாம வண்டியை எடுத்துக்கிட்டுத் தனியாப் போயிடுறா. எங்கே? மனுஷங்களை அழிக்கப் போற ஸ்கைநெட்ங்கிற கம்ப்யூட்டருக்கு அடிப்போடப் போற சைபர்டைன் ஆள் டைசன் வீட்டுக்கு. லேசர் புள்ளி விழுற துப்பாக்கி. ஒரு நிமிஷம் முதல் படத்தை நினைச்சுப் பாருங்க. 1984ல லேசர் புள்ளி யார் நெத்தியில விழுந்துச்சு? இதே சாரா நெத்தியில, அந்த கிளப்புல. ஒரு தப்பும் செய்யாத ஒரு ஆளை, அவர் இனிமே செய்யப்போற காரியத்துக்காக இப்பவே கொல்ல வர்றது மெஷினோட வேலை. ஏழு வருஷம் கழிச்சு அதையே மனுஷி செய்யறா. டைசன் பிழைக்கிறதும் அவரோட பையனோட ரிமோட் கார் கால்ல முட்டி அவர் குனிஞ்சதாலதான். அந்த நேரத்துல அவளைத் தடுக்க ஓடி வர்றது யார்? ரோபோவும் பத்து வயசுப் பையனும். பார்க்கிற நமக்கு டி-1000 ஞாபகமே வராது. "இவ சுட்டுருவாளோ"ங்கிறதுதான் பயம்.

அந்த வீட்டுக் காட்சிக்கு முன்னாடி வரைக்கும் படத்தோட கேள்வி, "ஜான் பிழைப்பானா?" அதுக்கு அப்புறம், "ஸ்கைநெட் அணுகுண்டு போடப் போற ஆகஸ்ட் 29, 1997 வராம தடுக்க முடியுமா?" கேள்வி மாறுது. ஓடிக்கிட்டிருந்தவங்க தேடிப்போறவங்க ஆகுறாங்க. அதனால எனக்கு இடைவேளை ஆஸ்பத்திரியும் இல்லை, லிஃப்ட்டும் இல்லை. மேசையில கத்தியால செதுக்கிட்டு வண்டி கிளம்புற இடம். ஐயா கோவிச்சுக்கக் கூடாது, மறுபடி ஒரு அடையாளம் வைக்கணும்.

இன்னும் ஒண்ணு, அதை ரசிச்சு ரசிச்சுப் பார்ப்பேன். முதல் படத்துல உங்க பிரஸ்ஸுல நசுங்கின ரோபோவோட மிச்சம், ஒரு கையும் ஒரு சிப்பும், சைபர்டைன் பெட்டகத்துக்குள்ள இருக்கு. முதல் கதையோட வெற்றிதான் ரெண்டாவது கதையோட வியாதி. உங்க 41 சீன்ல ரோபோ வர்றதெல்லாம் சரி சார். ஆனா அது வந்து போன பிறகு ஏதாவது மாறுதா? ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலயும் எழுதிப் பாருங்க: சீன் ஆரம்பிக்கும்போது அந்தப் பொண்ணுக்குத் தெரியாத எது, முடியும்போது தெரியுது? வெத்தா இருக்கிற அட்டையைக் கழட்டிடுங்க.

———

பழைய ஆபரேட்டர்:

டீச்சரம்மா, நீங்க சொல்ற எடத்துல நிறுத்தினா மொதப் பாதி ரொம்ப நீண்டு போகும், ரெண்டாம் பாதி குட்டை. கேன்டீன்காரன் சண்டைக்கு வருவான். ஆனா நல்ல எடம்.

———

லேத்துக்காரன்:

டீச்சர், நன்றிங்க. நேத்து ராத்திரி அட்டை ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி எழுதிப் பார்த்தேன். 12ஆம் வளைவுல இருந்து 29ஆம் வளைவு வரைக்கும் அந்தப் பொண்ணுக்குப் புதுசா ஒண்ணும் தெரியலை. ரோபோ வருது, வண்டி சறுக்குது, தப்பிக்கறா. பதினெட்டு அட்டை கழட்டியாச்சு. செவுத்துல ஓட்டை ஓட்டையா நிக்குது.

கட்டிங் டேபிள் தம்பி, நான் பார்த்தது நீளப் பதிப்புதான், கைல் கனவு இருந்துச்சு. ஆனா சிப் காட்சி வெட்டணும்னு நீங்க சொல்றதை ஒத்துக்க மாட்டேன். சுத்தியல் ஓங்கற அந்த நேரம் எனக்கு மூச்சு நின்னுருச்சு. மெஷினை நம்பலாமா வேண்டாமான்னு தினமும் யோசிக்கறவன் நான்.

இப்ப புதுசா ஒரு யோசனை. பொண்ணு 20ஆம் வளைவுல வண்டியைத் திருப்பறா. கீழ, அப்பாவைத் தேடி. ரோபோவைச் செஞ்ச ஆளைக் கேள்வி கேக்க. ரோபோ மேல ஏறிட்டிருக்கு, இவ எறங்கிட்டிருக்கா, ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல. அந்த ஒரு வளைவுல எதிரெதிரா வர்றாங்க. அங்க என்ன நடக்கும்னு இன்னும் புடிபடலை. தங்கச்சிகிட்டச் சொன்னேன், "அப்புறம்?"னு கேட்டா.