ஹைலக்ஸ் 3எல் எஞ்சினுக்கு நல்ல ஹெட் தேவை

வணக்கம் உறவுகளே,

அப்பாவின்ர பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப், மொடல் எல்.என்.106. டீசல், 3எல் எண்ட வகை எஞ்சின், 2779 சிசி. சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி ஏத்துறது இதிலதான்.

இப்ப தண்ணி குறையுது, ஆனா கீழ ஒரு சொட்டும் ஒழுகேல்லை. ரேடியேட்டர் மூடியைக் கழட்டிப்போட்டு ஸ்டார்ட் பண்ணினால் குமிழி குமிழியா வருது. மூடியைப் பூட்டினால், எஞ்சின் சூடாக முன்னமே மேல் ஹோஸ் விறைச்சு நிக்குது. எஞ்சின் காஸ் தண்ணிக்குள்ள போகுது போல. புளொக்குக்கும் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில இருக்கிற கேஸ்கெட் மட்டும் போனதோ, ஹெட்டே வெடிச்சிட்டுதோ எண்டு கழட்டினால்தான் தெரியும். சூடேறின பழைய ஹெட்டுகளில ரெண்டு வால்வுக்கு இடையில வெடிப்பு வாறது வழமை. அதால ரெண்டுக்கும் ஆயத்தமா இருக்கிறன்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் ஹெட் எடுத்த ஆக்கள் இருக்கிறீங்களோ? வெடிப்பு இல்லை எண்டு பிரஷர் டெஸ்ட் பண்ணிக் காட்டித் தருவினமோ? யாழ்ப்பாணத்திலயே அந்த டெஸ்ட் செய்யிற லேத் இருந்தால் இன்னும் நல்லது. கேஸ்கெட்டும் சரியான தடிப்பில வேணும். பிஸ்டன் புளொக்குக்கு மேல எவ்வளவு நிக்குது எண்டு அளந்து, மூண்டு தடிப்பில ஒண்டைத் தெரிவுசெய்யோணும்.

மெக்கானிக் அண்ணை இதுக்குப் பதிலா 5எல் எஞ்சின் போடச் சொல்றார். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) அதே 96 மி.மீ., போர் (சிலிண்டர் விட்டம்) 99.5 மி.மீ., மொத்தம் 2986 சிசி. பழைய கியர்பொக்ஸோட அப்படியே பொருந்தும் எண்டுறார். போட்டு ஓடினவை சொல்லுங்கோ. டர்போ எஞ்சின் எனக்கு வேண்டாம், தோட்டத்து வேலைக்கு எளிய பம்பும் நொசிலும் போதும்.

எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிய என்னென்ன கடிதம் கேப்பினம்? வெங்காயம் கிண்ட முன்னம் வண்டி ஓடவேணும், தெரிஞ்சவை தயவுசெய்து எழுதுங்கோ.