போர்டில் தவறு தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்கிறீர்கள்? உங்கள் அனுபவம்

வன்பொருள் வடிவமைப்பு, கோவை

வாடிக்கையாளர் கேட்கும் கருவிக்கு ஸ்கீமாட்டிக் (மின்சுற்றுப் படம்) போட்டு, பாகங்கள் உட்காரும் போர்டு வரைந்து, அதற்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை எழுதி, ஓடவைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். மொத்தம் 14 பேர். பம்புசெட் செய்பவர்கள், நூற்பாலை இயந்திரம் செய்பவர்கள், எடைத் தராசு செய்பவர்கள் என்று வருவார்கள். பொருள் அவர்கள் பெயரில்தான் சந்தைக்குப் போகும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் இதை நாங்கள்தான் செய்தோம் என்று வெளியில் சொல்லவும் முடியாது. அதனாலோ என்னவோ, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதே குறைவு. வேலைக்குச் சேர வரும் பிள்ளைகள் சம்பளம் எவ்வளவு, எந்த சிப், எந்த மென்பொருள் என்று கேட்கிறார்கள். அதோடு இதையும் கேளுங்கள் என்று நான் சொல்வேன்: இங்கே ஒரு தவறு கண்ணில் பட்டால் அதை யாரிடம், எவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியும்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன், தோட்டத்து மோட்டாரை செல்போனிலிருந்து ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கன்ட்ரோலர் செய்தோம். உள்ளே, செல்போன் டவரோடு பேச ஒரு ஜிஎஸ்எம் மோடம். அலுவலகத்தில் மூன்று வாரம் இடைவிடாமல் ஓடியது. 120 போர்டு அனுப்பினோம். பத்தே நாளில் போன் வந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைப் பக்கம் தென்னந்தோப்புகளில் வைத்தவை மட்டும் அணைந்து அணைந்து எரிகின்றனவாம்.

வழக்கமான சண்டை ஆரம்பித்தது. நாங்கள் ஃபர்ம்வேர் கோடில்தான் தப்பு என்றோம், ஃபர்ம்வேர் ஆட்கள் போர்டில்தான் என்றார்கள். இரண்டு நாள் இதிலேயே போனது. மூன்றாம் நாள் எங்கள் முதலாளி, அவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம், மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பைக் காரில் ஏற்றினார். இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவரை உட்காரவைத்து நேரே தோப்புக்குக் கூட்டிப் போய்விட்டார். தோட்டத்துப் பெரியவர் பெட்டியைத் திறந்து காட்டினார். "ஏனுங் தம்பி, சும்மா இருக்கறப்ப ஒண்ணும் ஆகறதில்லீங்க. மெசேஜ் அனுப்பறப்பத்தான் பொட்டுனு அணைஞ்சு மறுக்கா எரியுதுங்க" என்றார். இரண்டு நாள் சண்டை போட்டும் எங்களுக்குப் பிடிபடாதது அவர் சொன்ன அந்தப் பேச்சில் இருந்தது.

ஜிஎஸ்எம் மோடம் அனுப்பும்போது ஒரே சீராக மின்சாரம் இழுக்காது. 4.6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, அரை மில்லிசெகண்டுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் மட்டும் வெட்டி இழுக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் மோடம் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ள டவரே சொல்லிவிடும். தூரத்தில் இருந்தால் முழு பலத்தில் அனுப்பியாக வேண்டும், அப்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். எங்கள் அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்திலேயே டவர். தோப்பில் சிக்னல் ஒரே ஒரு கோடு. சப்ளையிலிருந்து மோடத்துக்குப் போன டிராக், அதாவது போர்டில் உள்ள செம்புப் பாதை, 80 மில்லிமீட்டர் நீளம், 0.4 மில்லிமீட்டர் அகலம். சாதாரணமாக நாம் போடும் செம்புக் கனத்தில் அது கிட்டத்தட்ட 0.1 ஓம். 2 ஆம்பியர் போனால் 0.2 வோல்ட் அங்கேயே தொலைந்தது. கிரவுண்டு திரும்பும் வழியில் கொஞ்சம், சப்ளை தடுமாறுவதில் கொஞ்சம். 3.8 வோல்ட்டில் கிளம்பியது மோடத்தைச் சேரும்போது 3.4க்குக் கீழே போனது, மோடம் அணைந்தது. ஸ்கோப்பில் அந்தப் பள்ளம் அப்படியே தெரிந்தது.

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. எனக்கு மட்டும் ஒன்று நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது. லேஅவுட் ரிவ்யூவில், அதாவது போர்டு வரைபடத்தை எல்லோரும் உட்கார்ந்து சரிபார்க்கும்போது, சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பெண், "சார், இந்த டிராக் ரொம்ப நீளமா இருக்குங்களே" என்று சொல்லியிருந்தார். "முந்தின போர்டுலயும் இப்படித்தாம்மா இருந்துச்சு" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போனது நான்தான். முந்தின போர்டில் இருந்தது வேறு மோடம். கிணத்துக்கடவு தாண்டும்போது அதை அண்ணாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்து வாடிக்கையாளரைக் கூப்பிட்டார். "தப்பு எங்க டிசைன்லதானுங்க. 120 போர்டையும் எங்க செலவுல சரி பண்ணித் தர்றோம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். போர்டுகள் திரும்பி வந்த வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கணக்குப் பார்ப்பவர் உட்பட எல்லோரும் உட்கார்ந்து, மோடத்துக்குப் பக்கத்தில் அந்தத் திடீர் இழுப்புக்கு மின்சாரம் சேர்த்து வைக்க 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும், டிராக்கின் மேல் தடித்த கம்பியும் வைத்தோம். அண்ணாவும் ஒரு சோல்டரிங் அயர்னோடு எங்களுக்கு நடுவில் இருந்தார்.

அதற்கப்புறம் ரிவ்யூவை மாற்றினோம். கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் பேசுவார். சொன்னது ஒவ்வொன்றையும் ஒருவர் எழுதுவார், எதிரில் பதில் எழுதாமல் போர்டு ஃபேக்டரிக்குப் போகாது. "முந்தின போர்டில் இருந்தது" என்று பதில் எழுதக் கூடாது. அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். எளிதாக இல்லை. ஆனால் அதைச் செய்யாமல் ரிவ்யூ முறையை மட்டும் மாற்றியிருந்தால் அவர் மறுபடி வாய் திறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஃபர்ம்வேர், சென்னை

கோடா போர்டா சண்டை எங்களிடமும் உண்டு. எங்களுடையது குடோனில் வைக்கும் வெப்பநிலைப் பதிவுக் கருவி. சிஆர்2032 பட்டன் செல், 220 மில்லிஆம்பியர்-மணி. தூங்கும்போது 10 மைக்ரோஆம்பியர்தான் இழுக்கும், 22,000 மணி நேரம் வரும், இரண்டரை வருடம் என்று கணக்குக் காட்டியிருந்தோம். ஏழு மாதத்தில் செத்துச் செத்துத் திரும்பி வந்தன.

சிப் சரியாகத் தூங்கவில்லை, கோடுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஐந்து நாள் என் கோடை நானே வரி வரியாகக் கிழித்துப் பார்த்தேன். ஆறாவது நாள் போர்டு வடிவமைத்த அக்கா என் மேஜைக்கு வந்தார். ஒன்றும் பேசாமல் ட்வீசரை எடுத்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மீட்டரைப் பார்த்தார். பேட்டரி அளவைப் படிப்பதற்காக வைத்த இரண்டு 47 கிலோஓம் ரெசிஸ்டர்கள், பேட்டரிக்குக் குறுக்கே இரவு பகலாக உட்கார்ந்து 32 மைக்ரோஆம்பியரைக் குடித்துக்கொண்டிருந்தன. "இது நான் வெச்சதுப்பா. என் தப்பு" என்றார், அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி. அடுத்த போர்டில் படிக்கும்போது மட்டும் இணையும்படி ஒரு மாஸ்ஃபெட் சுவிட்ச் வந்துவிட்டது.

என் கோடில் பிழை தெரிந்தால் இப்போது நான் முதலில் போய்ச் சொல்வது அவரிடம்தான்.

இஎம்சி சோதனை, பெங்களூரு

ஒரு கருவி மற்ற கருவிகளைத் தொந்தரவு செய்யும் மின்காந்த அலையை விடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. எனக்கு நடந்தது நேர்மாறு. பெயர்கள் வேண்டாம்.

மருத்துவமனையில் மற்ற கருவிகளுக்குப் பக்கத்திலேயே வைக்கும் ஒரு பொருள். வேலை முடிய ஒரு மாதம் இருக்கும்போது வாடிக்கையாளர் பெரிய திரை வேண்டும் என்றார். "சின்ன மாற்றம்தானே" என்று விற்பனைப் பிரிவில் தலையாட்டிவிட்டு வந்தார்கள், கூடுதல் நாளும் இல்லை, கூடுதல் பணமும் இல்லை. பெரிய திரைக்கு நீளமான ரிப்பன் கேபிள் போட வேண்டியதாயிற்று. சோதனைக்கூடத்து வரைபடத்தில் 144 மெகாஹெர்ட்ஸில் அனுமதித்த எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு முள் நின்றது. போர்டில் 48 மெகாஹெர்ட்ஸ் கிளாக், அதன் மும்மடங்கு. கேபிளைக் கழற்றினால் முள் காணாமல் போகும், மாட்டினால் திரும்பி வரும். கேபிள் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

கேபிளில் அந்த அலையை அடக்கும் ஃபெரைட் ஒன்றை மாட்டினேன், பாஸ் ஆனது. மேனேஜருக்குப் போனில் சொன்னேன். "சர்டிஃபிகேட் வாங்கிட்டு வா. விக்கிற பெட்டியில அது வேணாம், பெட்டி மூடாது, செலவும் ஏறும்" என்றார். சோதித்தது ஒன்று, விற்பது ஒன்று என்றால் அந்தச் சான்றிதழ் எதற்கு? நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கோபப்படவே இல்லை அவர். வேறொருவரைப் போடச் சொன்னார், அவர் போட்டார். அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டுக் கடன் இருந்தது அவருக்கு.

மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டேன். ஆனால் வாடிக்கையாளரிடம் நேரே சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தம், வழக்கு என்று பயந்து சொல்லவில்லை. மேலே அந்த அண்ணா வண்டியை ஓரம் கட்டி போன் போட்டதைப் படித்ததும் அதுதான் உறுத்துகிறது.

கொள்முதல், சென்னை

பாகம் வாங்குபவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு என்பதால் எழுதுகிறேன். 2021 வரை ரிவ்யூ நடக்கும் அறைக்குள் என்னைக் கூப்பிட்டதில்லை. எல்லாம் முடிவான பிறகு பட்டியல் மெயிலில் வரும், எப்போது வரும் என்று மட்டும் கேட்பார்கள்.

அப்புறம் சிப் தட்டுப்பாடு வந்தது. 150 ரூபாய்க்கு வாங்கிய மைக்ரோகன்ட்ரோலருக்கு 52 வாரம் ஆகும் என்று விநியோகஸ்தர் எழுதினார். இடைத்தரகர் 1,500 சொன்னார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாகக் கேட்டேன், பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் கேட்கச் சொன்னேன். ஒரு தரகரிடமிருந்து 300 சிப் வந்தது. ரீலில் இருந்த தேதிக் குறியீடும் சிப்பின் மேல் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தேன். மேலே இருந்த எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது, அடியில் வேறு எழுத்து. அட்வான்ஸ் கொடுத்தது என் முடிவு. அன்று மாலையே எழுந்து நின்று, பணம் போய்விட்டது, இந்தச் சிப்பைப் போர்டில் வைக்காதீர்கள் என்று சொன்னேன். கை நடுங்கியது.

அங்கே ஒரு மூத்த இன்ஜினியர் கேட்டார்: "இந்தப் பட்டியல்ல ஒரே ஒரு கம்பெனி மட்டும் செய்யற பாகம் எத்தனைம்மா இருக்கு?" பதினேழு என்றேன். மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த கணக்கு அது, கேட்க ஆள் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ஸ்கீமாட்டிக் ரிவ்யூவில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. மாற்றுப் பாகம் எழுதாத வரியை அங்கேயே நிறுத்திவிடுவேன். சில இடங்களில் போர்டில் ஒரே இடத்தில் இரண்டு அளவு ரெகுலேட்டரும் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) உட்காரும்படி வரைந்து தருகிறார்கள்.

சோல்டரிங் டெக்னீஷியன், ஓசூர்

22 வருடமாக இந்த வேலை. ஐடிஐ படிப்பு. 0402 பாகம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர், மைக்ரோஸ்கோப்பில் கையால் வைப்பேன். முன்பு இருந்த இடத்தில் மீட்டிங் என்றால் இன்ஜினியர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நான் கதவோரம் நிற்பேன். போர்டு வேலை செய்யாவிட்டால் முதலில் என் சோல்டரிங்கைத்தான் பார்ப்பார்கள். டெஸ்ட் பாயின்ட் வையுங்கள் சார், மீட்டர் ஊசி வைக்க இடமில்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது இருக்கும் இடத்தில் முதல் போர்டை ஆன் செய்யும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள். எங்கே கை போகவில்லை, எந்தப் பேடில் ஈயம் சரியாக ஏறவில்லை என்று நான் சொல்வது அடுத்த வரைபடத்தில் வருகிறது. சம்பளம் பெரிதாகக் கூடவில்லை. ஆனாலும் இங்கேதான் இருப்பேன்.

கோவை சாருக்கு ஒரு கேள்வி. அந்த 120 போர்டில் கெபாசிட்டரை அப்படியே நிற்க விட்டீர்களா, ஏதாவது வைத்து ஒட்டினீர்களா? மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்தில் கான்டாக்டர் சுவிட்ச் அடிக்கிற அதிர்வில் கெபாசிட்டர் கால் ஒடியும். குளூ கன் என்றால் வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் இளகிவிடும். சிலிகான் என்றால் எந்த வகை? காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை போர்டுக்கு ஆகாது சார், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். வாடை இல்லாத வகை தனியாகக் கிடைக்கிறது.

வன்பொருள் வடிவமைப்பு, கோவை

நல்ல வேளை கேட்டீர்கள், ஓசூர் அண்ணா. சிலிகான்தான் வைத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை டியூப் தீர்ந்துபோய், பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைத்ததை வாங்கி வந்தார்கள். அறை முழுக்கப் புளித்த வாடை அடித்தது இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டது நான்தான். எத்தனை போர்டுக்கு அதை வைத்தோம் என்று குறித்து வைக்கவில்லை, பாதிக்கு மேல் இருக்கும்.

இதுவரை புகார் எதுவும் வரவில்லை. எங்கள் அண்ணாவிடம் இப்போதே போனில் சொல்லிவிட்டேன். வாடிக்கையாளரிடம் அவர் காலையில் பேசுகிறார். திங்கட்கிழமை உடுமலைக்குப் போய் அந்தப் பெரியவர் தோப்பில் இருந்தே ஆரம்பித்து நாலைந்து பெட்டியைத் திறந்து பார்க்கிறோம். ட்ராக் ரொம்ப நீளம் என்று சொன்ன அந்தப் பெண்ணும் வருகிறார். சிலிகானைக் கழற்றினால் அடியில் பச்சை பூத்திருக்கிறதா என்று படம் எடுத்துப் போடுகிறேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.