சூளைப் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கு உதவி வேண்டும்

வணக்கம். திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க முயன்று வருகிறோம். ஒரு பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவோ, அது வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லாவிட்டாலும் மறுக்க முடியாது, அது 14ஆம் பிரிவு. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. தமிழே தெரியாமல் வாசலில் நிற்கும் அம்மா அதை எப்படி எடுத்துச் சொல்வார்?

சரி, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்கை, வயதுக்கேற்ற வகுப்பு, விட்டுப்போன பாடத்துக்கு 4ஆம் பிரிவு சொல்லும் சிறப்புப் பயிற்சி, சீசன் முடிந்து ஊர் திரும்பும்போது கையோடு சான்றிதழ். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் போனால் அங்கேயும் இதே கதைதான்.

உங்கள் ஊர்க் குழுவில் இப்படித் தீர்மானம் போட்டிருந்தால் அதன் நகல் அனுப்ப முடியுமா? வட்டார, மாவட்டக் கல்வி அலுவலகங்களில் யாருக்கு மனு கொடுத்தால் வேலை நடக்கிறது? அப்புறம், பெற்றோரிடம் பேச ஒடியா தெரிந்தவர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தால் கீழே சொல்லுங்கள். வண்டிச் செலவு நாங்கள் தருகிறோம்.